ஊர்ப் பெயர் தாங்கிய பணத்தாள்கள்

காகிதத் துண்டு ஒன்றில் எண்ணை அச்சிட்டுவிட்டால் அது பணமாகிவிடுமா? ஆகாது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். அக்காகிதத்தின் பின்னால் ஒருவருடைய வாக்கு நிற்க வேண்டும். அவ்வாக்கைக் காக்கும் பொருளும் நிற்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையேல் அது வெறுங் காகிதமே. இந்த எளிய உண்மையை அமெரிக்க ஐக்கிய நாடுகள் பெரும் இழப்புகளுக்குப் பின்னரே கற்றுக்கொண்டன. அப்பாடத்தின் சான்றுகளாக இன்றும் எஞ்சியிருப்பவை, 1863 முதல் 1935 வரை அந்நாட்டில் வெளிவந்த 'தேசிய வங்கி நோட்டுகள்'.

இந்நோட்டுகளைத் தேடிச் சேர்ப்போர் அந்நாட்டில் பலர் உளர். ஒரே ஆண்டில், ஒரே அச்சுக்கூடத்தில், ஒரே தொகைக்கு அச்சிடப்பட்ட இரு நோட்டுகளுள் ஒன்று நூறு டாலர்கூடப் பெறாது. மற்றொன்று பல்லாயிரம் டாலருக்கு விலைபோகும். பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலவே இருக்கும். இத்துணை வேறுபாடு எங்கிருந்து வந்தது? பொருள்களின் மதிப்பு எவ்வாறு உருவாகிறது என்பதையும், அம்மதிப்பைக் கையாள்வதில் மனிதன் எவ்வளவு நேர்மையுடன் இருக்க வேண்டும் என்பதையும் இக்கேள்வி நமக்கு உணர்த்தும். ஆதலின் அவ்வரலாற்றைச் சற்று விரிவாகவே காண்போம்.

ஆணிப் பெட்டியும் வெள்ளிக் காசும்

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் காகிதப் பணத்தை வெளியிட்டவை பெரும்பாலும் தனியார் வங்கிகளே. அந்தந்த மாநிலத்தின் அனுமதி பெற்ற வங்கி ஒவ்வொன்றும் தன் பெயரிலேயே நோட்டுகளை அச்சிட்டுக்கொண்டது. 1860-ஐ ஒட்டி இத்தகைய வங்கிகள் ஏறத்தாழ 1,600 இருந்தன. ஆயிரக்கணக்கான வகை நோட்டுகள் புழங்கின. எது நல்லது, எது கள்ளம், எந்த வங்கி நொடித்துவிட்டது என்பதைக் கடைக்காரர் எப்படி அறிவார்? அதற்கென்றே வெளிவந்த வழிகாட்டி ஏடுகளைக் கல்லாப்பெட்டிக்கருகே வைத்திருந்து, ஒவ்வொரு நோட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே அவர் வாங்கினார். வெளியூர் நோட்டாயின் முழுத் தொகைக்கு ஏற்காமல், தூரத்திற்கேற்பக் கழிவு பிடித்துக்கொண்டார்.

சில வங்கிகளின் மோசடி நகைப்பையும் துயரத்தையும் ஒருங்கே தருவதாகும். மிச்சிகன் மாநிலத்தில் 1837-ஐ அடுத்த ஆண்டுகளில், வங்கியில் போதிய பொன்னும் வெள்ளியும் இருக்கின்றனவா என்று பார்க்க ஆய்வாளர்கள் ஊர் ஊராகச் சென்றனர். அவர்கள் ஒரு வங்கியை விட்டுப் புறப்பட்டதும், அங்குக் காட்டப்பட்ட அதே காசுப் பெட்டி வேறு வழியாக அடுத்த வங்கிக்கு விரையும்! ஆணிகளை நிரப்பி, மேற்பரப்பில் மட்டும் வெள்ளிக் காசுகளைப் பரப்பிய பெட்டிகளும் ஆய்வாளர் கண்ணில் பட்டன. மக்கள் எளிதில் சென்றடைய முடியாத காட்டுப் பகுதிகளில் அமைந்திருந்தமையால் இவற்றிற்குக் 'காட்டுப்பூனை வங்கிகள்' என்னும் பெயரும் வழங்கிற்று. அவை நொடித்தபோது, உழைத்துக் கூலி பெற்ற ஏழையின் கையில் எஞ்சியது அச்சிட்ட காகிதம் ஒன்றே.

லிங்கன் காலத்துச் சட்டம்

உள்நாட்டுப் போர் மூண்டதும் அரசுக்குப் பெரும்பணம் தேவைப்பட்டது. நாடெங்கும் நம்பத்தக்க ஒரே தரமான காகிதப் பணமும் வேண்டியதாயிற்று. நிதிச் செயலராயிருந்த சால்மன் சேஸ் இவ்விரு தேவைகளையும் ஒரே திட்டத்தில் இணைத்தார். 1863 பெப்ருவரி 25-இல் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட சட்டம் அத்திட்டத்திற்கு உயிரூட்டியது. அடுத்த ஆண்டு சூன் திங்களில் அது திருத்தி விரிவாக்கப்பட்டது.

திட்டம் இதுதான். வங்கி தொடங்க விரும்புவோர் முதலில் நடுவண் அரசிடம் பட்டயம் பெற வேண்டும். பின்னர் அரசின் கடன் பத்திரங்களை வாங்கிக் கருவூலத்தில் ஈடாக ஒப்படைக்க வேண்டும். ஒரு இலட்சம் டாலர் பத்திரம் கட்டினால் 90,000 டாலருக்கு நோட்டு கிடைக்கும். நோட்டின் வடிவம் நாடெங்கும் ஒன்றே. வங்கியின் பெயரும் ஊரும் மட்டுமே மாறுபடும். வங்கி நொடித்துப்போயின் கருவூலமே அந்நோட்டுகளுக்கு முழுத் தொகை வழங்கிவிடும். ஈடாக உள்ள பத்திரங்களை விற்று அதை ஈடுசெய்துகொள்ளும்.

ஆணிப் பெட்டி வித்தைக்கு இங்கு இடமில்லை. வாக்கின் பின்னால் பொருளும் உறுதியாக நின்றது. எத்தனையோ தேசிய வங்கிகள் பிற்காலத்தில் மூடப்பட்டன. அவற்றில் பணம் போட்டு வைத்தவர்கள் பலர் இழப்புக்குள்ளாயினர். அவர்களுக்குக் காப்பீட்டுப் பாதுகாப்பு 1933-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் வந்தது. ஆயினும் அவ்வங்கிகளின் நோட்டைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு ஒரு காசும் குறையவில்லை.

மாநில வங்கிகளின் நோட்டுகள் மீது 10 விழுக்காடு வரி விதிக்க 1865-இல் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வரியைத் தாங்க இயலாமல் பழைய நோட்டுகள் விரைவில் மறைந்தன.

பட்டயமும் எண்ணும்

பட்டயம் பெற்ற ஒவ்வொரு வங்கிக்கும் ஓர் எண் உண்டு. முதலாம் எண்ணைப் பெற்றது பிலடெல்பியா நகரின் முதல் தேசிய வங்கி. கதவைத் திறந்து வணிகத்தை முதலில் தொடங்கியதோ, அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரின் முதல் தேசிய வங்கி. நாள் 1863 சூன் 29.

உழவர் தேசிய வங்கி, வணிகர் தேசிய வங்கி, சுரங்கத் தொழிலாளர் தேசிய வங்கி என ஊர் மக்களின் தொழிலைப் பெயரில் தாங்கியவையும் பல. தொடக்கத்தில் சிற்றூர் வங்கிக்குக்கூட 50,000 டாலர் முதல் வேண்டியிருந்தது. 1900-இல் இயற்றப்பட்ட சட்டம், 3,000 பேருக்கு மிகாத ஊர்களில் 25,000 டாலரே போதும் என்று தளர்த்தியது. ஒப்படைத்த பத்திரத்தின் முழு அளவுக்கும் நோட்டு பெறலாம் என்றும் அச்சட்டம் இசைவளித்தது. அதன்பின் கோதுமை வயல்களுக்கு நடுவிலுள்ள சிற்றூர்களிலும், இருப்புப்பாதை சென்று முடியும் எல்லையூர்களிலும் வங்கிகள் முளைத்தன. 1935-க்குள் வழங்கப்பட்ட பட்டயங்கள் 14,000-க்கும் மேல். நோட்டு வெளியிட்ட வங்கிகள் 12,000-க்கும் மேல்.

கிழிந்தும் நைந்தும் திரும்பிவந்த நோட்டுகளை வங்கிவாரியாகப் பிரிப்பது கருவூல ஊழியர்களுக்குப் பெருந்தொல்லையாயிற்று. எனவே பட்டய எண்ணை நோட்டிலேயே அச்சிட வேண்டுமென்று 1874-இல் சட்டம் வந்தது. அன்று ஊழியரின் வசதிக்காக வந்த அவ்வெண்ணே, இன்று சேகரிப்போருக்கு முதல் வழிகாட்டியாக விளங்குகிறது.

தாளில் தீட்டிய வரலாறு

முதற்கால நோட்டுகளின் பின்புறத்தை நோக்கின், ஓவியக்கூடத்துள் நுழைந்ததுபோல் தோன்றும். 5 டாலர் நோட்டில் கொலம்பஸ் கரையிறங்கும் காட்சி. 10 டாலரில் டி சோட்டோ மிசிசிப்பி ஆற்றைக் காணும் காட்சி. 20 டாலரில் செவ்விந்தியப் பெண் போகஹாண்டஸ் திருமுழுக்குப் பெறும் காட்சி. 100 டாலரில் விடுதலைச் சாற்றுரை. இவை வாசிங்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் வட்ட மண்டபத்தில் தொங்கும் பேரோவியங்களைப் பார்த்துச் செதுக்கப்பட்டவை. எழுத்தறியாத உழவனும் தன் நாட்டின் வரலாற்றைச் சட்டைப்பையில் சுமந்து சென்றான் எனலாம்.

1882-ஆம் ஆண்டு வரிசையில், பழுப்பு நிறப் பின்புறத்தின் நடுவே பட்டய எண் பெரிதாகப் பொறிக்கப்பட்டது. அவ்வரிசையின் 5 டாலர் நோட்டு, 1881-இல் சுடப்பட்டு இறந்த குடியரசுத் தலைவர் கார்பீல்டின் முகத்தைத் தாங்கியது. 1902-ஆம் ஆண்டு வரிசையின் 10 டாலர் நோட்டோ, 1901-இல் அவ்வாறே உயிர்நீத்த மெக்கின்லியின் முகத்தைத் தாங்கியது. 1929-இல் அமெரிக்க நோட்டுகள் யாவும் அளவிற் சுருங்கியபோது, தேசிய வங்கி நோட்டுகளும் எளிய சிறு வடிவம் பெற்றன. ஈட்டுக்குரிய கடன் பத்திரங்களை அரசு 1935-இல் திரும்ப அழைத்துக்கொண்டதுடன் இவற்றின் வாழ்வு முடிந்தது.

கையொப்பத்தின் பின்னே ஒரு மனிதர்

வங்கிக்கு நோட்டுகள் வெட்டப்படாத முழுத் தாள்களாகவே வந்து சேரும். வங்கித் தலைவரும் காசாளரும் பேனாவால் கையொப்பமிட்ட பின்னர், கத்தரியால் வெட்டிப் புழக்கத்தில் விடுவர். ஊர் மக்களுக்கு அக்கையொப்பங்கள் அயலாருடையவை அல்ல. நாள்தோறும் கடைவீதியில் எதிர்ப்படும் அண்டைவீட்டாருடையவை. பிற்காலத்தில் இரப்பர் முத்திரையும் அச்சுக் கையொப்பமும் வந்தன. முத்திரை மை விரைவில் மங்கிவிட்டமையால், பேனாக் கையொப்பம் தெளிவாக நிலைத்துள்ள நோட்டுகளுக்குச் சேகரிப்போரிடையே தனி மதிப்பு உண்டு.

காசாளர் பொறுப்பில் இருந்த ஒருவர் தம் உயிரையே ஈந்த நிகழ்ச்சி ஒன்றைக் கூறாமல் மேற்செல்லல் ஆகாது. மின்னசோட்டா மாநிலத்து நார்த்பீல்டு என்னும் ஊரின் முதல் தேசிய வங்கிக்குள், 1876 செப்டம்பர் 7-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கொள்ளைக் கூட்டத்தினர் துப்பாக்கிகளுடன் புகுந்தனர். அன்று காசாளர் வெளியூர் சென்றிருந்தமையால் அவ்விடத்தில் பொறுப்பேற்றிருந்தவர் ஜோசப் லீ ஹேவுட் என்னும் கணக்கர். பெட்டகத்தைத் திறக்குமாறு அவரை அடித்தனர். கழுத்தில் கத்தியை வைத்து அச்சுறுத்தினர். அவர் மறுத்துவிட்டார். ஊர் மக்கள் திரண்டு தெருவில் எதிர்த்துச் சுடவே, கொள்ளையர் தப்பியோடினர். ஓடும்போது ஹேவுட்டைச் சுட்டுக் கொன்றனர். அவர்களுக்குக் கிடைத்தது 27 டாலர்கூட இல்லை. ஹேவுட் விட்டுச் சென்றது மனைவியையும் சிறு மகளையும். அவ்வங்கிக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாகக் காக்கப்படுகிறது. நார்த்பீல்டு வங்கியின் நோட்டு ஒன்று கிடைக்குமாயின், அதைக் கையில் ஏந்துவோர் வெறும் 10 டாலர் நோட்டையா காண்பர்?

வங்கியாரின் கையொப்பத்தோடு கருவூல அதிகாரிகளின் கையொப்பங்களும் நோட்டில் அச்சாகும். 1881 முதல் 1885 வரை கருவூலப் பதிவாளராக இருந்த பிளாஞ்ச் புரூஸ் அடிமையாகப் பிறந்தவர். பின்னர் செனட் உறுப்பினராக உயர்ந்தார். அமெரிக்கப் பணத்தில் கையொப்பம் இடம்பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. மனிதரைப் பணத்திற்கு விற்ற நாட்டில், விற்கப்படும் நிலையில் பிறந்த ஒருவரின் பெயர் பணத்திற்கே உறுதியளித்து நின்றது!

அரியது எது?

இனி மதிப்பிடும் முறைக்கு வருவோம். பழைமையே விலை என்று எண்ணுவோர் பலர். அது சரியன்று. நியூயார்க்கு, சான்பிரான்சிஸ்கோ போன்ற மாநகர்களின் பெரிய வங்கிகள் எண்ணற்ற நோட்டுகளை வெளியிட்டன. அவற்றுள் ஆயிரக்கணக்கானவை இன்றும் உள்ளன. 1929 வரிசையைச் சேர்ந்த அத்தகைய நோட்டு, புழங்கி நைந்ததாயின், பெரும்பாலும் நூறு டாலரை எட்டாது.

முதலாவதாகப் பார்க்க வேண்டியது எந்த வங்கி, எந்த ஊர் என்பதே. சிறு முதலுடன் தொடங்கிச் சில ஆண்டுகளில் மூடப்பட்ட வங்கியின் நோட்டுகள், ஒவ்வொன்றாகக் கருவூலத்திற்குத் திரும்பி அழிக்கப்பட்டன. எஞ்சியவை இரண்டோ மூன்றோதான். சில வங்கிகளின் நோட்டு ஒன்றுகூட இன்றுவரை வெளிப்படவில்லை. அலாஸ்கா, அரிசோனா, நியூமெக்சிகோ முதலியன மாநிலத் தகுதி பெறுமுன் ஆட்சிப்பகுதிகளாக இருந்த காலத்து நோட்டுகளும் மிக அரியன; இலட்சம் டாலருக்கு மேல் விலைபோனவையும் அவற்றுள் உண்டு.

இரண்டாவது, நோட்டின் தொகையும் வரிசையும். முதற்கால 2 டாலர் நோட்டில் '2' என்னும் எண் படுத்த நிலையில் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். சேகரிப்போர் அதைச் 'சோம்பல் இரண்டு' என்று செல்லமாக அழைப்பர். மூன்று 1 டாலர் நோட்டுகளுக்கு ஒரு 2 டாலர் நோட்டு என்ற கணக்கில் ஒரே தாளில் அவை அச்சிடப்பட்டன. 1879-க்குப் பின் இவ்விரு சிறு தொகைகளும் நின்றுவிட்டன. ஆதலின் நைந்த 'சோம்பல் இரண்டு' கூட ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது.

மூன்றாவது, நோட்டின் நிலை. மடிப்பு, கிழிசல், ஊசித்துளை, வெட்டப்பட்ட ஓரம், ஒட்டுப்போட்ட இடம் ஆகிய அனைத்தும் மதிப்பைக் குறைக்கும். புத்தம்புதிதுபோல் காட்ட எண்ணிக் கழுவுவதும், இஸ்திரி போடுவதும், ஒட்டு நாடாவால் ஒட்டுவதும் அறிவீனம். பழகிய கண்ணுக்கு அவை உடனே புலப்பட்டுவிடும். பலர் கைபட்டு முதுமையடைந்த நோட்டு நேர்மையானது. மெருகேற்றப்பட்ட நோட்டு ஐயத்திற்குரியது.

எண்ணிக்கையை அறிவது எங்ஙனம்? ஒவ்வொரு வங்கிக்கும் எத்தனை நோட்டு அனுப்பப்பட்டது என்னும் அரசுப் பேரேடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. லூயிஸ் வான் பெல்கம் போன்ற ஆர்வலர்கள் அங்கு அமர்ந்து அவற்றைப் பொறுமையுடன் தொகுத்தனர். ஜான் ஹிக்மன், டீன் ஓக்ஸ் ஆகியோர் 1982-இல் வெளியிட்ட பட்டியல் நூலும், டான் கெல்லியின் நூலும் அத்தகைய உழைப்பின் பயன்களே. அச்சுத் தகடுகளின் மாதிரிப் படிகளை வாசிங்டனிலுள்ள சுமித்சோனியன் நிறுவனம் காத்துவருகிறது.

ஏமாறாதிருக்க

1929-ஐச் சேர்ந்த மற்றொரு வகை நோட்டு, இவற்றோடு பெரிதும் ஒத்திருக்கும். அதன் தலைப்பிலும் 'தேசிய நாணயம்' என்றே இருக்கும். ஆனால் வெளியிட்டது கூட்டாட்சி ரிசர்வ் வங்கி. அதில் பட்டய எண் இராது. 1933-ஆம் ஆண்டு வங்கி நெருக்கடியின்போது பெருமளவில் வெளியிடப்பட்டமையால் அவ்வகையிற் பெரும்பாலானவை எளிதிற் கிடைப்பவையே. அவற்றை அரிய நோட்டுகள் என்று கூறி விற்போர் உண்டு.

சாதாரண நோட்டில் ஊர்ப் பெயரை மாற்றி எழுதி அரியதாகக் காட்டும் கயவரும் உளர். பட்டய எண்ணும் வங்கியின் பெயரும் பொருந்துகின்றனவா என்று பட்டியலில் பார்த்தால் பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. இரண்டே நோட்டுகள் உள்ள வங்கி என்று நம்பிப் பெருவிலை கொடுத்த பின்னர், யாரோ ஒருவர் வீட்டுப் பழம் பெட்டியிலிருந்து பத்து நோட்டுகள் வெளிவரலாம். விலை அன்றே சரியும். ஆதலின் குடும்பத்தின் சேமிப்பை இதில் முதலீடாகக் கொட்டுவது விவேகமன்று. வரலாற்றின் மேல் அன்பு கொண்டோர்க்கே இப்பொழுதுபோக்கு ஏற்றது.

விற்பவரும் வாங்குபவரும்

இத்துறையில் உண்மையான சோதனை எங்கு நேர்கிறது? அமெரிக்கச் சிற்றூர்களில் இந்நோட்டுகள் பெரும்பாலும் ஏலக்கூடத்திலிருந்து முதலில் வருவதில்லை. தாத்தாவின் பழைய நூலிலிருந்தும், காலஞ்சென்ற பாட்டியின் பெட்டியிலிருந்துமே வெளிப்படுகின்றன. இவை சட்டப்படி இன்றும் செல்லத்தக்கவை. ஆகவே விவரம் அறியாதவர் 10 டாலர் நோட்டை 10 டாலருக்கே கடையில் கொடுத்துவிடவும் கூடும். அதன் மதிப்பை அறிந்த ஒருவர், அறியாத கைம்பெண் ஒருத்தியிடம் 20 டாலர் கொடுத்து வாங்கிப் பத்தாயிரத்திற்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பொய் ஏதும் சொல்லவில்லை; கேட்ட விலையைக் கொடுத்தார். எனினும் அது நீதியாகுமா?

ஆகாது என்பதே நம் துணிபு. அவர் தேடி அறிந்த அறிவுக்கு உரிய ஊதியம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பிறருடைய அறியாமையையே முதலாக்கி ஈட்டும் பொருள், மேலே வெள்ளியைப் பரப்பிய ஆணிப் பெட்டியினின்று எவ்வகையில் வேறுபடும்? இத்தொழிலில் நற்பெயர் பெற்றோர், விற்க வருபவரிடம் நோட்டின் உண்மை நிலையை எடுத்துக்கூறி, நேரிய விலை கொடுத்தோ, ஏலத்தில் விற்றுத் தந்து தரகு பெற்றோ நடந்துகொள்கின்றனர். விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. அவசரப்படாமல் இருவர் மூவரிடம் மதிப்பைக் கேட்டறிவதும், முன்னோர் விட்டுச்சென்றதை உடன்பிறந்தார் அறியாமல் விற்காதிருப்பதும் அக்கடமையாகும். ஒரு துண்டுக் காகிதத்தின் பொருட்டுக் குடும்பம் பிளவுபடுமாயின், அதன் விலை எவ்வளவு உயர்ந்தாலும் அந்த வாணிகம் நட்டமே.

அந்நோட்டுகளை வெளியிட்ட வங்கிகள் பெரும்பாலும் இன்று இல்லை. சில ஊர்களே வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டன. ஆயினும் மங்கிய மையில், 'கேட்டவுடன் இத்தொகை தருவோம்' என்னும் வாக்குறுதியின் கீழ் இரு கையொப்பங்கள் நிலைத்திருக்கின்றன. கருவூலம் அவ்வாக்கை இன்றும் காக்கிறது. ஆணி நிரப்பிய பெட்டிகளை வைத்திருந்தோர் பெயர்களை இன்று எவர் நினைக்கின்றனர்? நார்த்பீல்டு கணக்கரின் பெயரோ ஒன்றரை நூற்றாண்டாக மறக்கப்படவில்லை. நாம் இடும் கையொப்பமும் சொல்லும் சொல்லும் நமக்குப் பின் நம் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேரும். அப்போது அவற்றிற்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதை இன்றைய நம் நடத்தையே முடிவு செய்கிறது.